விழாமல் நிற்கப் பழகுவோம்: தொடக்க நிலையினருக்குத் தாய்ச்சி, சிகோங் செய்முறை விளக்கம்

வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மாதந்தோறும் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அவர்களுடைய கால்கள் எவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்பதை ஒரு நாளும் பார்ப்பதில்லை. குளியலறையின் ஈரத்தரையிலோ, அடுக்களை நிலைப்படியிலோ, தாமிரபரணிப் படித்துறையில் பாசி படிந்த கல்லிலோ ஒரு முறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், அதற்குப் பிறகு பலர் பழையபடி எழுந்து நடமாடுவதே இல்லை. மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய்ச்சியைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பயிற்சிக்கு உரியனவாகச் சொல்லப்படும் பல நன்மைகளுள், ஆய்வுகளின் துணையோடு உறுதியாக நிற்பவற்றில் முதன்மையானது விழாமல் காப்பதே.

தாய்ச்சி சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த ஊரில் தற்காப்புக் கலையாக வளர்ந்தது. அங்கே கற்ற யாங் லூசான் (1799–1872) அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டு சென்றார். இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயிலப்படும் யாங் மரபு அவரிடமிருந்து வந்தது. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம், பொதுமக்கள் எளிதில் கற்பதற்காக 24 அசைவுகள் கொண்ட சுருக்க வடிவத்தை வகுத்தது. 2020இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிகோங் என்பது மூச்சு, நிற்கும் நிலை, மெல்லிய அசைவு, மன ஒருமை ஆகியவற்றை இணைக்கும் பயிற்சிகளின் பொதுப்பெயர். அவற்றுள் எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின் தொடக்க நிலையினருக்கு மிகவும் ஏற்றது. கீழே உள்ள செய்முறையில் இரண்டிலிருந்தும் எளியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகள் சொல்வது என்ன

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 70 வயதைக் கடந்த 200 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1996இல் வெளியான ஆய்வில், 15 வாரம் தாய்ச்சி பயின்றவர்களுக்குத் திரும்பத் திரும்ப விழும் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பாய்வு இன்னும் நிதானமாகப் பேசுகிறது: விழும் நிகழ்வுகள் சுமார் 19 சதவீதம் குறையக்கூடும் என்று கூறி, அந்தச் சான்றின் வலிமை குறைவு என்பதையும் அது குறிப்பிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையானது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் 24 வாரம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், வெறும் தசை நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் நிலையாக நின்றார்கள், குறைவாக விழுந்தார்கள். மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி உள்ள 204 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி முறையான பிசியோதெரபிக்கு இணையான பயனைத் தந்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு (American College of Rheumatology) 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய்ச்சியை வலுவாகப் பரிந்துரைத்திருக்கிறது. இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்த நிலையில் இருந்த 342 பேரிடம் சீனாவில் ஓராண்டு நடந்து 2024இல் வெளியான ஆய்விலும், ஏரோபிக் பயிற்சியைவிடத் தாய்ச்சி இரத்த அழுத்தத்தின் மேல் அளவை (சிஸ்டாலிக்) கூடுதலாகக் குறைத்தது.

இவற்றுக்கு அப்பால், சிகோங் புற்றுநோயைப் போக்கும், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் செய்யும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். உடலில் ஓடுவதாகச் சீன மரபு கூறும் ‘சி’ என்னும் உயிராற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், வளைந்த முழங்காலில் மெதுவாக எடையைத் தாங்கும்போது தொடைத்தசை வலுப்பெறுகிறது, கணுக்காலும் உள்ளங்காலும் உடலின் நிலையை நுட்பமாக உணரப் பழகுகின்றன, நிதானமான மூச்சு நெஞ்சுத் துடிப்பை அமைதிப்படுத்துகிறது.

தொடங்கும் முன்

நம் பகுதியில் பங்குனி தொடங்கி ஆனி வரை, காலை ஏழு மணிக்கே மொட்டை மாடித் தளம் சுடத் தொடங்கிவிடும். ஆகவே ஐந்தரை மணிக்கும் ஆறரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே நல்லது. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் விழும் நாட்களிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மாடியை விட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள். ஆற்றங்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஈரப் படித்துறைக் கல்லின் மேல் பயிற்சி செய்யக் கூடாது. உலர்ந்த சமதளத்தில், கை நீட்டினால் எட்டும் தொலைவில் ஒரு தூணோ சன்னல் கம்பியோ கனமான நாற்காலியோ இருக்கட்டும். சேலை கட்டுபவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் இருக்கும்படி சற்று ஏற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்; வேட்டியை மடித்துக் கட்டினால் போதும். வெறுங்காலோடு செய்வது தரையை நன்கு உணர்த்தும். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு செய்யாமல், தட்டையான, வழுக்காத காலணியை அணிந்தே செய்ய வேண்டும்.

இதய நோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கடுமையான எலும்பு அடர்த்திக் குறைவு (ஆஸ்டியோபோரோசிஸ்), அடிக்கடி வரும் தலைச்சுற்றல் ஆகியவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். அருகில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள்.

முதல் படி: நிற்றல்

இரு பாதங்களையும் தோள் அகலத்தில், ஒன்றுக்கொன்று இணையாக வைத்து நில்லுங்கள். முழங்கால்களைச் சிறிதளவு மட்டும் தளர்த்துங்கள். கீழே உட்கார முயல வேண்டாம். முழங்கால் எந்நேரமும் பாதத்தின் இரண்டாம் விரலை நோக்கியே இருக்க வேண்டும், உட்புறமாகச் சாயக் கூடாது. தோள்களை இறக்கி, கைகளை உடலின் இருபுறமும் தொங்கவிட்டு, பார்வையை நேரே வைத்திருங்கள். இரண்டு நிமிடம் இப்படி நிற்பதே முதல் வாரத்துக்குப் போதிய பயிற்சி.

இரண்டாம் படி: மூச்சு

மூக்கின் வழியே இழுத்து, மூக்கின் வழியே விடுங்கள். உள்ளே போகும்போது வயிறு மெல்ல முன்வரும், வெளியே வரும்போது உள்வாங்கும். மூச்சை எங்கும் அடக்கிப் பிடிக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். அசைவுக்கும் மூச்சுக்கும் உள்ள பொருத்தம் தொடக்கத்தில் தவறிப் போனால் கவலை வேண்டாம், இயல்பாக விட்டுக்கொண்டிருங்கள்.

மூன்றாம் படி: எடையை மாற்றுதல்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் பின்பற்றப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சிலம்ப ஆசான்கள் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி வரிசையைப் பழக்குவதைப் போல, தாய்ச்சியிலும் கைகளின் அழகுக்கு முன்னால் கால்கள் கற்க வேண்டியது இருக்கிறது. காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள் பெரும்பாலும் கைகளையே கவனித்து, இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

முன்பு சொன்ன நிலையில் நின்று, மனத்துக்குள் நான்கு எண்ணியவாறு உடலின் எடை முழுவதையும் வலது காலுக்குக் கொண்டு போங்கள். இடுப்பு ஒரு பக்கமாகப் புடைக்காமலும், தலை சாயாமலும், உடல் நிமிர்ந்தபடியே பக்கவாட்டில் நகர வேண்டும். இடது பாதம் தரையில் இருந்தாலும், அதன் அடியில் ஒரு காகிதம் இருந்தால் உருவி எடுத்துவிடலாம் என்ற அளவுக்கு அது எடையற்றுப் போக வேண்டும். அங்கே இரண்டு எண்ணும் வரை நில்லுங்கள். பிறகு நான்கு எண்ணியவாறே நடுவுக்கு வந்து, இடது காலுக்குப் போங்கள். பக்கத்துக்கு ஆறு முறை செய்தால் போதும்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி என்னோடு இதைச் செய்கிறார். முதல் நாள் வலது காலுக்கு எடை போனதும், அவருடைய கால்விரல்கள் ஐந்தும் வளைந்து தரையைக் கவ்விப் பிடித்தன. கணுக்கால் உள்ளும் புறமும் நடுங்கியது. “காலு நடுங்குதுல்லா, தாயி” என்றார். “நடுங்கட்டும் ஆச்சி, தூணைப் புடிச்சுக்கிட்டே செய்யுங்க, விரலை மட்டும் தளர விடுங்க” என்றேன். அந்த நடுக்கம் கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் உடலை நேராக்க வேலை செய்வதன் அடையாளம். விரல்கள் தரையைக் கவ்வினால் எடை பாதத்தின் முன்பகுதிக்குப் போய்விடும். தளரவிட்டால் குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் பரவும். முதலில் தூணைக் கை முழுவதாலும், பின்னர் இரண்டு விரலாலும் பிடித்து, பிடி தேவையில்லை என்று தோன்றும்போது விட்டுவிடலாம். இதில் அவசரம் கூடாது.

பக்கவாட்டு அசைவு பழகியதும் நடைக்கு வாருங்கள். எடை முழுவதும் வலது காலில் இருக்கும்போது இடது காலை எடுத்து, அரை அடி முன்னால் குதிகாலை மட்டும் ஓசையில்லாமல் வையுங்கள். இந்தக் கணத்தில் விரும்பினால் அந்தக் காலைத் திரும்ப எடுத்துவிட முடிய வேண்டும். முடியவில்லையென்றால் எடை முன்கூட்டியே போய்விட்டது என்று பொருள். பிறகு பாதத்தைப் படியவைத்து, எடையை மெதுவாக முன்னே கொண்டு வாருங்கள். காலை வைப்பதும் எடையை மாற்றுவதும் இரு வேறு செயல்கள் என்று உடல் கற்றுக்கொள்வதுதான் ஈரத்தரையில் உங்களைக் காப்பாற்றும், ஏனெனில் வழுக்கும் இடம் என்று பாதம் உணர்ந்ததும் பின்வாங்க அவகாசம் கிடைக்கிறது.

நான்காம் படி: தொடக்க அசைவு

தாய்ச்சி வரிசைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். மூச்சை இழுத்தவாறு, உள்ளங்கைகள் தரையைப் பார்க்க, இரு கைகளையும் முன்புறமாகத் தோள் உயரத்துக்கு உயர்த்துங்கள். மூச்சை விட்டவாறு முழங்கால்களைச் சிறிது வளைத்து, கைகளை இடுப்பளவுக்கு இறக்குங்கள். ஆறு முறை.

ஐந்தாம் படி: பாதுவான்ஜின் அசைவுகள் மூன்று

முதலாவது, வானத்தைத் தாங்குதல். வயிற்றுக்கு முன்னால் இரு கைவிரல்களையும் கோத்து, மூச்சை இழுத்தவாறு மார்பு வரை உயர்த்தி, அங்கே உள்ளங்கைகளை வெளிப்புறம் திருப்பித் தலைக்கு மேல் உயர்த்துங்கள். ஒரு கணம் நின்று, மூச்சை விட்டவாறு கைகளைப் பக்கவாட்டில் இறக்குங்கள். தோள் வலி உள்ளவர்கள் நெற்றி உயரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவதில் ஒரு கை வானை நோக்கியும் மற்றொன்று தரையை நோக்கியும் ஒரே நேரத்தில் அழுத்தும். பக்கம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மூன்றாவது, பின்னால் திரும்பிப் பார்த்தல். கைகள் தொங்க, உள்ளங்கைகளை வெளிப்புறம் திருப்பியவாறு தலையை மட்டும் மெதுவாக இடப்புறம் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்து, நடுவுக்கு வந்து, வலப்புறம் திரும்புங்கள். கழுத்தைச் சுழற்ற வேண்டாம். தலைச்சுற்றல் வருபவர்கள் இதை நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள்.

எட்டு அசைவுகளில் முன்னால் குனிந்து பாதத்தைப் பிடிப்பதும், தாழ நின்று உடலைச் சுழற்றுவதும், குதிகால்களை உயர்த்தித் தரையில் தட்டுவதும் உண்டு. எலும்பு அடர்த்திக் குறைவு, முதுகுத்தண்டு வலி உள்ளவர்களுக்கு இந்த மூன்றும் ஏற்றவை அல்ல என்பதால் அவற்றை விட்டிருக்கிறேன்.

முடிக்கும்போது மீண்டும் முதல் படியில் சொன்னபடி ஒரு நிமிடம் நின்று, கைகளை அடிவயிற்றின் மேல் வைத்து இயல்பாக மூச்சு விடுங்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்

முதல் மாதம் பத்து நிமிடம், பிறகு இருபது நிமிடம். வாரத்தில் நான்கு நாளாவது. ஒரு மணி நேரம் ஞாயிறன்று மட்டும் செய்வதைவிட இது மேல். ஆய்வுகளில் பயன் தென்பட்டது 12 வாரத்துக்கும் அதற்கு மேலும் செய்தவர்களிடம்தான் என்பதை நினைவில் வையுங்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பவர்கள் நடையை நிறுத்த வேண்டியதில்லை. நடை இதயத்துக்கும் இது நிலைப்பாட்டுக்கும் ஆகட்டும். உலகச் சுகாதார நிறுவனமும் 65 வயதைக் கடந்தவர்கள் மிதமான உடலுழைப்போடு, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றே கூறுகிறது.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி உண்டு. சுவரோரமாக, ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொன்றின் விரல்களைத் தொடும்படி ஒரே கோட்டில் நில்லுங்கள். பிடிமானமின்றி 10 வினாடி நிற்க முடியாத முதியவருக்கு விழும் அபாயம் அதிகம். அடுத்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள பெண்கள் 11க்கும், ஆண்கள் 12க்கும் குறைவாக எழுந்தால் கால்களில் வலு போதவில்லை என்று பொருள். இரண்டையும் தேதியோடு நாட்காட்டியில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

பயிற்சியின்போது முழங்காலில் குத்தும் வலி வந்தால் வளைவைக் குறையுங்கள். குறைத்தும் நீடித்தால் நிறுத்திவிடுங்கள். தொடைத்தசை சோர்வது இயல்பு, மூட்டு வலிப்பது இயல்பன்று. நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்தம் குறைந்தது போலத் தோன்றினாலும் மாத்திரையின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும்.

இந்த ஐந்து படிகளும் மூன்று மாதத்தில் தடையின்றி வந்துவிட்டால், 24 அசைவு வரிசைக்குப் போகலாம். நேரில் கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள், முழங்காலின் சாய்வை வெளியிலிருந்து பார்ப்பவரே சரிசெய்ய முடியும். கிடைக்காவிட்டால், கற்பிப்பவரின் முதுகுப்புறம் தெரியும்படி எடுத்த காணொளியைத் தேர்ந்தெடுங்கள். முன்புறம் தெரியும் காணொளிகளில் இடம் வலம் குழம்பும். வாரத்துக்கு ஓர் அசைவு என்று வைத்துக்கொண்டு, முதலில் கைகளை இடுப்பில் வைத்தபடி கால்களை மட்டும் பழகுங்கள். கால்கள் தாமாகப் போகத் தொடங்கிய பிறகு கைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.