பிராசோஸ் பெண்ட் பூங்கா: ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஹூஸ்டன், சுகர்லேண்ட், கேட்டி பக்கம் குடிவந்தவர்கள் முதலில் எங்கே போகலாம் என்று கேட்டால், தயங்காமல் பிராசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க்கைத்தான் சொல்வோம். பிராசோஸ் ஆற்றங்கரையில், நீட்வில் அருகே, சுமார் 5,000 ஏக்கர். நகரத்தின் நடுவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.

வார இறுதியில் பதிவு செய்யாமல் போகாதீர்கள். இடம் நிறைந்துவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். டெக்சஸ் ஸ்டேட் பார்க் இணையதளத்தில் 30 நாள் முன்பே நாள் பாஸ் எடுக்கலாம். பெரியவர்களுக்குத் தலைக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். ஆண்டு பாஸும் உண்டு; அதே காரில் வருபவர்களுக்கும் அது செல்லும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் சில தடவையிலேயே காசு தேறிவிடும். ஆனால் ஆண்டு பாஸ் இருந்தாலும் வருகிற நாளைப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

இங்கே முதலைகள் வேலிக்குப் பின்னால் இல்லை. வசந்த காலத்தில் வெயில் காய நடைபாதை ஓரத்திலேயே படுத்திருக்கும். 30 அடி தள்ளி நில்லுங்கள். அது உஸ் என்று சீறினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், அப்படியே பின்வாங்குங்கள். கோடைக் கடைசியில், உடம்பில் மஞ்சள் பட்டை போட்ட, ஒரு சாண் அளவுக் குட்டிகள் நீரோரம் தெரிந்தால் படம் எடுக்கக் குனியாதீர்கள். தாய் பக்கத்திலேயேதான் இருக்கும். மிச்சமான புளிசாதத்தைத் தண்ணீரில் கொட்டவே கூடாது. முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். தீனிக்குப் பழகிய முதலைக்கு மனிதர் மேல் பயம் விட்டுப்போகும், அடுத்து வரும் குழந்தைக்கு அது ஆபத்து. குழந்தையின் கையைப் பிடித்து, நீரில்லாத பக்கமாக நடக்கவிடுங்கள். நாயின் கயிறு 6 அடிக்கு மேல் போகக் கூடாது.

பறவை பார்க்க அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, காலையில் வாருங்கள். வேடந்தாங்கல் போய்ப் பழகியவர்களுக்கு இங்கே உறவுக்காரப் பறவைகள் நிறைய: நீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், இளஞ்சிவப்பு நிறக் கரண்டிவாயன். பாம்புத்தாராவின் சிறகு தண்ணீரில் ஊறிவிடும். அதனால்தான் கிளையில் இறக்கையை விரித்துக் காய வைக்கிறது. ‘நாற்பது ஏக்கர்’ (40 Acre Lake) என்ற ஏரியைச் சுற்றி நடக்க 1.2 மைல், அங்குள்ள கோபுரத்தில் ஏறினால் சதுப்பு நிலம் முழுவதும் தெரியும். சக்கர நாற்காலி, ஸ்ட்ரோலர் உள்ளவர்களுக்குக் கிரீக்ஃபீல்ட் ஏரியின் அரை மைல் பாதைதான் சரி.

செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். பாய் விரிக்குமுன் தரையைப் பாருங்கள்: உதிரி மண் மேடு நெருப்பெறும்புப் புற்று. மூன்று மூன்று இலையாக நிற்கும் கொடியைத் தொடாதீர்கள். பாய்ஸன் ஐவி, அரித்துக் கொப்பளிக்கும். கொசு மருந்தும் தேவைக்கு அதிகமான தண்ணீரும் கட்டாயம். கரையிலிருந்து மீன் பிடிக்க லைசன்ஸ் வேண்டாம், ஆனால் எத்தனை பிடிக்கலாம் என்ற வரம்பு உண்டு. நீச்சலுக்கு அனுமதி இல்லை.

பெருமழைக்குப் பிறகு கிளம்புமுன் பூங்கா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2016-இலும், 2017 ஹார்வி புயலின்போதும் ஆறு உள்ளே புகுந்து மூடியிருந்தார்கள். சனிக்கிழமை இரவு உள்ளேயே இருக்கும் ஜார்ஜ் வானாய்வகத்தில் தொலைநோக்கி வழியே கோள்களைப் பார்க்கலாம்; அதற்குத் தனி டிக்கெட், பூங்கா நுழைவும் தனி. கையில் டார்ச் இல்லாமல் இருட்டில் ஏரிப் பக்கம் நடக்காதீர்கள்.