ஒரு பீசோ தகட்டிலிருந்து கூடுதல் மின்சாரம்: தறி மோட்டாரை வைத்து ஒரு செய்முறை

நகரி, பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி சத்தம் கேட்காத தெரு குறைவு. அந்த அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பீசோ தகட்டை, அதாவது வளையும்போது மின்னழுத்தம் தரும் பீங்கான் தகட்டை, தறியில் ஒட்டிப் பார்ப்பார்கள். போதவில்லை என்றதும் இன்னும் பத்துத் தகடு வாங்கி ஒட்டுவார்கள். அது வேண்டாம். ஒரே தகட்டை மோட்டாரின் வேகத்துக்கு இசைய ஆடவிட்டு, பொருத்தமான ரெசிஸ்டரைக் கொடுத்தாலே பத்துத் தகட்டைவிட நல்ல பலன் வரும். ஆனாலும் கிடைக்கப்போவது மைக்ரோவாட் கணக்கில்தான். போன் சார்ஜ் ஆகாது.

வேண்டியவை: பஸ்ஸருக்குள் இருக்கும் 27 மி.மீ. பீசோ தகடு, 30 செ.மீ. எஃகு ஸ்கேல், சி-கிளாம்ப், எபாக்சி பசை, சில நட்டுகள், நான்கு டையோடுகள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர்கள், மல்டிமீட்டர். உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிடலாம்.

1. அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள்

தறியில் நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு நூல்) விழுந்தால் அது விநாடிக்கு 2 அடிதான், அதாவது 2 ஹெர்ட்ஸ். அவ்வளவு மெதுவாக ஆடும் பட்டை செய்வது பெரும்பாடு. மோட்டார்தான் நமக்கு வசதி. அதன் பெயர்ப்பலகையில் 1440 ஆர்.பி.எம். என்று இருந்தால், 60-ஆல் வகுக்க 24 ஹெர்ட்ஸ். ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பைப் போனில் போட்டு, மோட்டார் நிற்கும் சட்டத்தின்மேல் வைத்தால் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று வரைபடமே காட்டிவிடும்.

2. தகட்டை ஒட்டுங்கள்

ஸ்கேலின் ஒரு முனையை மோட்டார் சட்டத்தோடு கிளாம்பால் பிடித்து, மறுமுனையை ஆடவிடப்போகிறோம். கிளாம்ப் பிடிக்கும் இடத்தை ஒட்டியே தகடு இருக்க வேண்டும். ஸ்கேல் அதிகமாக வளைந்து இழுபடுவது அங்கேதான். நுனி வேகமாக ஆடினாலும் அங்கே வளைவு இல்லை. பசை மெல்லியதாக, காய்ந்தபின் கல் மாதிரி இருக்கட்டும். இருபக்க ஸ்பாஞ்ச் டேப் கூடவே கூடாது, இழுவிசையை அதுவே விழுங்கிவிடும். வெள்ளைப் பரப்பில் ஒயர் வைக்கும்போது சால்டரிங் அயர்னைத் தொட்டவுடன் எடுத்துவிடுங்கள். சூடு அதிகமானால் அந்தப் பீங்கானின் பீசோ குணமே போய்விடும்.

3. ஸ்கேலை இசைவுக்குக் கொண்டுவாருங்கள்

பலனில் பெரும்பங்கு இந்தப் படியில் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். 0.8 மி.மீ. தடிமனுள்ள ஸ்கேலை 12 செ.மீ. நீட்டிப் பிடித்தால் அது 45 ஹெர்ட்ஸை ஒட்டி ஆடும். நமக்கு வேண்டியது 24. நுனியில் எடை ஏற்றினால் அதிர்வெண் இறங்கும். ஆடும் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இந்த அளவுக்கு நுனியில் சுமார் 11 கிராம் வேண்டும். எம்8 நட்டு இரண்டில் தொடங்கி, டேப்பால் ஒட்டி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் வோல்டேஜ் சட்டென்று எகிறும். அதற்கு ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் தள்ளிப்போனாலும் நன்றாகவே விழுந்துவிடும்.

கிளாம்பை மாட்டுவதும் நட்டை நகர்த்துவதும் மோட்டாரை நிறுத்திய பிறகுதான். பெல்ட்டுக்கு அருகே கை, ஒயர், துண்டு எதுவும் போகக் கூடாது. மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

4. சரியான ரெசிஸ்டரைத் தேடுங்கள்

நான்கு டையோடில் பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் இணைப்பு) கட்டி, அதன் டி.சி. பக்கம் கெப்பாசிட்டரையும் ரெசிஸ்டரையும் இணையாகப் போடுங்கள். தகட்டின் கெப்பாசிட்டன்ஸ் 20 நானோஃபாரட் என்றால், 24 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு (ஏ.சி.க்கு அது காட்டும் தடை) ஏறத்தாழ 330 கிலோ ஓம். பிரிட்ஜுக்குப் பின்னால் அளக்கும்போது அதைப்போல் ஒன்றரை மடங்கு, 520 கிலோ ஓம் பக்கம், பவர் உச்சத்துக்கு வரும். எனவே 220, 330, 470, 680 கிலோ ஓம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுத்து வோல்டேஜைக் குறியுங்கள். அதன் வர்க்கத்தை ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் பவர்.

மலிவான மஞ்சள் மீட்டர்களில் உள் மின்தடை 1 மெகா ஓம்தான். 470 கிலோ ஓமுடன் அது இணையாகச் சேர்ந்தால் உண்மையான சுமை 320 கிலோ ஓம். அப்போது 4 வோல்ட் வந்தால் 50 மைக்ரோவாட். மீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பவர் குறைவாகத் தெரியும்.

5. இன்னும் வேண்டுமென்றால்

சரி, இப்போது இரண்டாவது தகடு. முதல் தகட்டுக்கு நேர்கீழே, ஸ்கேலின் மறுபக்கம் ஒட்டுங்கள். மேலே இழுபடும்போது கீழே அமுங்கும், அதனால் இரண்டின் மின்னழுத்தமும் எதிரெதிர். ஒவ்வொன்றுக்கும் தனி பிரிட்ஜ் கட்டி டி.சி. பக்கம் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளாது.

டையோடில் 1என்4007 வேண்டாம் என்பேன். ஷாட்கி டையோடில் இழப்பு குறைவு, ஆனால் சில ரகங்களில் பின்னோக்கிக் கசிவு அதிகம். கசிவு குறைந்த ரகமாகக் கேட்டு வாங்குங்கள். வோல்டேஜ் நன்றாக வந்தால் சாதாரண 1என்4148 போதும்.

அப்புறம், சேமிக்க 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாட்டினால், 3.3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏற சுமார் 700 மைக்ரோஜூல் வேண்டும். 50 மைக்ரோவாட் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் 14 விநாடியில் ஏறிவிடும். இழப்பும் கசிவும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் ஆகும். எல்டிசி3588 சிப்பை வைத்தால் பிரிட்ஜும் 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் அதற்குள்ளேயே வந்துவிடும். சின்ன சென்சார் ஒன்றை அவ்வப்போது விழிக்கவைக்க அது போதும்.