வலி போய்விட்டது, தசை திரும்பியதா?

இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தைலம் தேய்த்து நாலு நாள் படுத்தால் வலி போய்விடுகிறது. சரி, குணமாகிவிட்டது என்று அத்தோடு மறந்துவிடுகிறோம். இடுப்பு வலியில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான்.

ஏன் என்று புரிய, முதுகின் உள்ளடுக்கைப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் புடைத்துத் தெரியும் நீளத் தசைகள் தேர்வடம் மாதிரி. முதுகை நிமிர்த்தி இழுப்பவை. தேர் கோணாமல் போகச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்களே, அந்த வேலையைச் செய்பவை ஆழத்தில் உள்ள குட்டைத் தசைகள். முக்கியமானது மல்டிஃபிடஸ். ஒரு முள்ளெலும்பின் பக்கவாட்டுப் புடைப்பில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு எலும்பு தாண்டி மேலே உள்ள முள்முனையில் போய் ஒட்டும். இடுப்புப் பகுதியில்தான் இது மிகத் தடிமன். தசையெல்லாம் நீக்கிவிட்டு எலும்பும் தசைநாரும் மட்டும் உள்ள இடுப்புத்தண்டின் மேல் பாரம் வைத்துச் சோதித்தபோது, ஏறக்குறைய 9 கிலோவிலேயே அது வளைந்து சரிந்தது.

வலி வந்த பக்கத்தில் இந்தத் தசை சீக்கிரமே மெலிகிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர், முதல்முறை இடுப்பு வலி வந்த 39 பேரை ஸ்கேன் செய்து 1996-ல் எழுதினார்கள்: வலி நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விட்டது, இந்தத் தசைக்கான பயிற்சி செய்யாதவர்களுக்குத் தசை மட்டும் பத்து வாரமாகியும் தேறவில்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் எழுதியபடி, ஓராண்டுக்குள் பயிற்சி செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு இது ஒன்றே போதுமான எச்சரிக்கை.

அடுத்த தவறு, முதுகுக்குப் பலம் வேண்டும் என்று சிட்-அப்பில் இறங்குவது. அது வேலை வாங்குவது முன்வயிற்றுத் தசையை. டிஸ்க்கில் அழுத்தமும் கூடும். மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவதும் தேவையில்லை. சாதாரணமாக நிற்க, நடக்க முதுகின் இந்த ஆழத் தசைகள் தம் முழு பலத்தில் சிறு பங்கைத்தான் செலவிடுகின்றன. மெல்லிசாக, நெடுநேரம் உழைப்பதே அவற்றின் இயல்பு.

அதற்கேற்ற பயிற்சி ஒன்று: நாலுகாலில் மண்டியிட்டு, வலது கையையும் இடது காலையும் மெதுவாக நீட்டி, இயல்பாக மூச்சுவிட்டபடி பத்து நொடி நிற்கலாம். அப்புறம் பக்கம் மாற்றலாம். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் காலைத் தாழ்த்துங்கள், உயரம் முக்கியமில்லை. முதல் சில தடவை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துத் திருத்துவது நல்லது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.