கூட்டுறவு வைனைக் கடையில் அடையாளம் காண்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து ஆட்களுக்குக் கூட்டுறவு என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். 1960-இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தாத்தா பாட்டிகள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித்தானே தோட்டங்களை வாங்கினார்கள். பிரான்சின் தெற்கே லாங்டாக் வட்டாரத்தில், மரோசான் என்ற ஊரில், 1901-இல் சின்னத் திராட்சை விவசாயிகளும் இப்படித்தான் ஒன்றுசேர்ந்து, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் தங்கள் வைனைத் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். 1905-இல் சோசலிசத் தலைவர் ழான் ழொரேஸ் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். இந்த வரலாற்றுக்காகவே நான் கூட்டுறவு பாட்டிலைத் தேடி வாங்குவேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிளின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'காவ் கோஓப்பரேத்தீவ்' (Cave coopérative, அதாவது கூட்டுறவு வைன் கூடம்) என்று இருந்தால் சந்தேகமே இல்லை. 'லே விஞ்ஞெரோன் தெ' (Les Vignerons de, அதாவது இன்ன ஊர்த் திராட்சை விவசாயிகள்) என்று தொடங்கி ஊர்ப்பெயர் வந்தால் பெரும்பாலும் கூட்டுறவுதான். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள், அதைத் தனியாரும் போடலாம், கூட்டுறவும் போடலாம். அப்புறம் ஏஓசி (AOC) அல்லது ஏஓபி (AOP) என்ற பிறப்பிட முத்திரை: எந்த வட்டாரம், எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் விதிப்படி என்று அர்த்தம். ஐஜிபி (IGP) என்றால் அதுவும் வட்டார முத்திரைதான், ஆனால் விதி கொஞ்சம் தளர்வு. முதலில் லாங்டாக்கின் கொர்பியேர் (Corbières), மினெர்வுவா (Minervois) பகுதிகளின் சிவப்பு வைன்களைப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சிவப்பு வைனையும் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள்.