முதலில் ஈறைப் பாருங்கள்

நாய்க்கோ பூனைக்கோ ராத்திரியில் உடம்பு சரியில்லாமல் போனால், விடியும்வரை பொறுக்கலாமா என்ற குழப்பம் வரும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே கிளம்புங்கள். (சில நாய்களுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பு, அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது.

பலர் தவறவிடுவது ஆண் பூனையின் சிறுநீர் அடைப்பைத்தான். மண் தட்டுக்கு அடிக்கடி போய் முக்கும், கத்தும், ஒரு சொட்டுகூட வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளிலேயே இதயம் நின்றுவிடலாம்.

நாயின் வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். அது காலைவரை தாங்காது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும் அவசரம்தான்.

அப்புறம், வலிக்குமே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடும். கிளம்பும்போதே மருத்துவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.