நேரோபோட்டில் நாயோடு கிளம்பும் முன்

இங்கிலாந்துக் கால்வாய்களில் நாயை வைத்துக்கொண்டு நேரோபோட் என்னும் ஒடுங்கிய, நீளமான படகை ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, நாய்க்கு நீச்சல் தெரிய வேண்டுமா என்பதைத்தான். தெரிந்தால் நல்லது, ஆனால் அது இரண்டாவது விஷயம். பல கால்வாய்களில் நடுவில்கூட இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். ஆபத்து கரையில் இருக்கிறது. இரும்புத் தகடோ கல்லோ செங்குத்தாக நிற்கும் கரையில் கால் வைக்க இடம் கிடைக்காமல் நாய் நீந்தி நீந்தியே களைத்துப்போகும். அதனால் முதலில் வாங்க வேண்டியது முதுகில் கைப்பிடி தைத்த நாய் லைஃப் ஜாக்கெட். மிதக்க வைக்கிறது என்பதைவிட, அந்தக் கைப்பிடியில் பிடித்து ஒரே தூக்காக மேலே எடுக்கலாம் என்பதுதான் அதன் பெரிய உபயோகம். வாங்கியதும் வீட்டிலேயே மாட்டி, கைப்பிடியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நாய் நழுவினால் அளவு சரியில்லை என்று அர்த்தம்.

படகு ஓடும்போது நடக்கும் விபத்துகளைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பவையே எனக்கு அதிக பயம். எனவே பழக்குவதை எஞ்சின் அணைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டிய படகில் ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டு நாய்க்கு 'ஏறு', 'இரு' என்ற இரண்டு சொல் போதும், அதிலும் 'இரு'தான் முக்கியம். படகு கரையை நெருங்கும்போது எந்த நாய்க்கும் தாவத் தோன்றும். அந்த இடைவெளியில் விழுந்தால் ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் 15 டன் அளவுக்கு எடையுள்ள இரும்பு. முன்கயிறும் பின்கயிறும் முளையில் கட்டி முடியும்வரை நாய் கதவுக்கு உள்ளேயே இருக்கட்டும். பக்கவாட்டுக் கதவைக் காற்றுக்காகத் திறந்துவைக்கும் பழக்கம் இருந்தால், நாய் தாண்ட முடியாத உயரத்தில் ஒரு தடுப்பு வையுங்கள், வாத்து ஒன்று கடந்து போனால் போதும், யோசிக்காமல் பாய்ந்துவிடும்.

கோடையில் இன்னொன்றும் கவனியுங்கள். கால்வாயின் மேல் சின்னச் சின்ன இலைப்பாசி அடர்ந்து மூடிவிட்டால் அது புல்தரை போலவே இருக்கும், நாய் நம்பிக் கால் வைத்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் நாயின் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

ஓட்டும்போது வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. கால்வாயில் உச்ச வரம்பே மணிக்கு 4 மைல், கட்டி நிற்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதியாகக் குறைக்க வேண்டும். நாயை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. படகின் பின்பக்கம் நீங்கள் பிடித்திருக்கும் டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் தண்டு, பின்னோக்கி ஓட்டும்போது திடீரென்று வெட்டி வீசும், பெரிய ஆளையே தண்ணீரில் தள்ளிவிடும். அந்த வீச்சுக்குள் நாய் நிற்கக் கூடாது. கூரைமேல் உட்கார வைத்துப் படம் எடுப்பது அழகுதான், ஆனால் வெயிலில் இரும்புக் கூரை பாதத்தைச் சுடும், தாழ்ந்த பாலங்களும் வரும். கழுத்துப்பட்டையில் கயிறு போட்டுப் படகோடு கட்டிவைப்பது அதைவிட மோசம், விழுந்தால் தொங்கிவிடும். நாய் தண்ணீரில் விழுந்துவிட்டால் முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், பதற்றத்தில் பின்னோக்கிப் போட்டால் படகின் பின்முனையில் சுற்றும் புரொப்பெல்லர் நாயை நோக்கி வரும். சுழற்சி நின்றபிறகுதான் கொக்கிக்கோலும் கைப்பிடியும்.

இனி லாக். படகை மேலேற்றவும் கீழிறக்கவும் கதவுகளுக்கு நடுவே தண்ணீரை நிரப்பி வடிக்கும் இந்தத் தொட்டிகளில்தான் நேரம் அதிகம் போகும். குறுகிய கால்வாய்களில் லாக்கின் அகலம் 7 அடிதான், நேரோபோட் ஒடுங்கிப்போனதே அதனால். கெனட் அண்ட் ஏவன் கால்வாயில் டெவைஸஸ் ஊரை ஒட்டியிருக்கும் கேன் ஹில்லில் 29 லாக்குகள், அதில் 16 ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தான சரிவில் அடுக்கியிருக்கும். அந்த மாதிரி நாளில் நாயை ஒவ்வொரு லாக்கிலும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. கூட இன்னொருவர் இருந்தால், அவர் நாயைக் கயிற்றில் பிடித்துக் கரையோரப் பாதையில் நடக்கட்டும். தனியாகப் போனால் நாய் கேபினுக்குள், கதவு சாத்தியபடி. மேலேறும் லாக்கில் மதகைத் திறந்ததும் தண்ணீர் இரைச்சலோடு பாயும், படகு முன்னும் பின்னும் இழுபடும், புது நாய் மிரண்டுபோகும். மதகை முதலில் பாதி மட்டும் திறந்து, படகு அடங்கியபின் மிச்சத்தைத் திறங்கள்.

கீழிறங்கும்போது மேல்கதவின் அடியில் ஒரு கல்படி வெளிப்படும், சில் என்பார்கள். அது எதுவரை நீள்கிறது என்று லாக் சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருக்கும். படகின் பின்முனை அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். படியில் மாட்டினால் படகு முன்பக்கம் சாய்ந்து, கேபினுக்குள் தண்ணீர் ஏறிவிடும், உள்ளே உங்கள் நாய் இருக்கிறது. லேசாகத் தட்டுப்பட்டாலும் உடனே கீழ்மதகுகளை மூடுங்கள். அப்புறம், லாக் கதவின்மேல் இருக்கும் குறுகிய பலகையில் நீங்கள் கடந்தால் அவிழ்த்துவிட்ட நாயும் பின்னாலேயே வரும். எத்தனை பழகிய நாயானாலும் லாக்கைச் சுற்றி அவிழ்த்துவிடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வேல்ஸில் 1805-ல் திறந்த, கால்வாயையே தொட்டியில் ஏந்திப் பள்ளத்தாக்கைக் கடக்கும் பொன்ட்கிசில்தே நீர்ப்பாலத்தில் போகும் எண்ணம் இருந்தால், 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் தூரத்துக்கு, நடைபாதைப் பக்கம் மட்டும்தான் கம்பி வேலி. மறுபக்கம் தொட்டியின் விளிம்பைத் தவிர ஒன்றுமில்லை. நாய் உள்ளே, எல்லாக் கதவும் மூடி. இல்லாவிட்டால் கயிற்றில் பிடித்து நடைபாதையில் அழைத்துப் போங்கள். கால்வாய் போகும் சுரங்கப்பாதைகளிலும் நாய் உள்ளேதான், பிளிஸ்வர்த் போன்றவை 2.8 கிலோமீட்டர் நீளம், இருட்டு, மேலிருந்து தண்ணீர் சொட்டும். கிளம்பும் முன் நாயை நடக்க வைத்துவிட்டால் உள்ளே தூங்கிவிடும்.

தினசரி நடையை நாயின் நேரத்துக்கு விட்டுக்கொடுங்கள். நிலையான கட்டுமிடம் இல்லாத படகு உரிமத்தில் ஓரிடத்தில் 14 நாளுக்குமேல் நிற்கக் கூடாது, அதனால் நாய்க்குப் புதுப்புதுப் பாதைகள் வந்துகொண்டேயிருக்கும். பாதையில் சைக்கிள்கள் சத்தமில்லாமல் வரும். தூண்டில் போடுகிறவர்கள் விட்டுப்போன முள்ளும் இரையும் கிடக்கும், வாயில் எதையாவது மென்றால் உடனே திறந்து பாருங்கள். ஆடு மேயும் வயல்களில் கயிறு கட்டாயம். வசந்த காலத்தில் அன்னம் கூடு கட்டியிருந்தால் ஒதுங்கிப் போங்கள், இறக்கையை விரித்து அடிக்க வரும். திரும்பியதும் காது, அக்குள், விரல் இடுக்கில் உண்ணி தேடுங்கள். மலத்தைப் பையில் எடுத்தால் குப்பைத்தொட்டி கிடைக்கும்வரை சுமக்க வேண்டியிருக்கும், மூடியுள்ள வாளி ஒன்று பின்பக்கம் இருக்கட்டும்.

கால்வாய்த் தண்ணீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்வது முழுசாக முடியாத காரியம், ஆனாலும் நல்ல தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் எதிரில் இருந்தால் பெரும்பாலும் அதையே தேடும். எலி சிறுநீர் வழியாக வரும் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி பெயின்ட் கொட்டியதுபோல் படர்ந்திருந்தால் அந்த இடத்தில் குளிக்கவே விடக் கூடாது, நாயைச் சில மணி நேரத்தில் கொல்லக்கூடிய விஷம் அது. எஞ்சின் தண்ணீர் குளிரில் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஆன்டிஃப்ரீஸ் அடியில் ஒழுகினால் அதுவும் அப்படியே, இனிப்பாக இருப்பதால் நக்கிவிடும். வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

ஜூலை வெயிலில் படகு முழுக்கச் சூடாகிவிடும், மதியத்துக்கு முன்பே மர நிழலில் கட்டுங்கள், நாயை உள்ளே பூட்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். குளிர்காலத்தில் விறகு அடுப்புப் பக்கம்தான் படுக்கும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். சேற்றைத் துடைக்க எத்தனை துண்டு இருந்தாலும் போதாது, பழைய துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

நாய் மருத்துவரைப் பற்றிக் கடைசியாக. ஊர் ஊராய் நகர்வதால், தடுப்பூசி விவரம், மருந்துப் பெயர்கள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள், புது இடத்தில் கட்டியதும் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எதுவென்று பார்த்துக் குறியுங்கள். மைக்ரோசிப் பதிவில் உங்கள் மொபைல் எண் இப்போதைய எண்தானா? பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், உங்கள் கடிதங்கள் போகும் வீட்டின் முகவரியைப் போட்டு, கூடவே போன் எண்ணையும் செதுக்குங்கள். கால்வாய்ப் பாலங்களில் எண் பொறித்திருக்கும். ஒவ்வொரு இரவும் படகைக் கட்டியதும், எந்தக் கால்வாய், எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்பதைக் கதவுக்குமேல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவில் டாக்ஸியோ மருத்துவரோ எங்கே வரவேண்டும் என்று கேட்டால், அதைப் பார்த்தே பதில் சொல்லலாம்.