அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங்: ஆராய்ச்சி என்று வந்து கேட்டால்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து அமெரிக்கா கிளம்பும் குடும்பங்கள், நான் அங்கே இருந்து திரும்பியவள் என்பதால், என்னிடம் வந்து கேட்பது இதுதான்: பிள்ளைகளை அங்கே வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாமா? தாராளமாக வைக்கலாம்.

சட்ட விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது மாநிலங்களிலும் அனுமதி உண்டு, விதிகள்தான் வேறு. டெக்சாஸில் பதிவே கிடையாது. வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்த்துவிட்டது. பிள்ளை ஏற்கெனவே அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தால் விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள். பென்சில்வேனியாவில் உறுதிமொழிப் பத்திரம், 180 நாள் பாடம் நடந்த கணக்கு, மதிப்பீட்டாளர் சான்று எல்லாம் வேண்டும். நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை. மனசு மாறினால், எச்-4 விசாவில் (வேலை விசாவில் போனவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளையையும் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ளும். அப்புறம், சென்னைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் என்ன பாடம், எந்தத் தேதி, என்ன மதிப்பெண் என்று ஒரு கோப்பு போட்டு வையுங்கள். உங்களுக்கு டி.சி. எழுதித் தர அங்கே ஹெட்மாஸ்டர் யாரும் இல்லை.

இனி ஆராய்ச்சிக்காரர்கள் விஷயம். போய் இறங்கி ஹோம்ஸ்கூலிங் குழு ஒன்றில் சேர்ந்தவுடன் யாராவது ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள்: வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தேர்வில் பள்ளிப் பிள்ளைகளை எங்கேயோ முந்திவிடுகிறார்கள் என்று. அதற்கு அடிக்கடி காட்டப்படுவது லாரன்ஸ் ரட்னர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் 20,760 பிள்ளைகள். ஆனால் அத்தனை பேரும் ஒரே தேர்வுச் சேவையைப் பணம் கட்டி வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள். இதை வைத்து ஹோம்ஸ்கூலிங்தான் உயர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள் என்று ரட்னரே எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் குழுவில் யாரும் பகிர்வதில்லை!

பல மாநிலங்களில் முழுப் பட்டியலே இல்லாததால், தாமாக முன்வருகிறவர்களை வைத்துத்தான் பெரும்பாலும் ஆய்வு நடக்கிறது. கனடாவில் 2011-இல் வெளியான, நிறையப் பேர் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில் வீட்டில் படித்த பிள்ளைகள் 37 பேர்தான். வெள்ளையர் அல்லாத குடும்பம் கிடைத்தால் ஆய்வாளருக்கு அது வஞ்சிர மீன் மாதிரி. தமிழ்க் குடும்பம் என்றால் விடவே மாட்டார்கள்.

காசிமேட்டில் பிறந்து வளர்ந்த என் தோழி அப்படித்தான் மாட்டினாள். வந்தவர் ரொம்ப மரியாதையானவர். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது, ஒப்புதல் படிவம் இருந்தது, பேருக்கு ஒரு கிஃப்ட் கார்டும் இருந்தது. பெயரை மாற்றிவிடுவோம் என்றார்கள், மாற்றவும் செய்தார்கள். ஆனால் கட்டுரையில் இருந்தது இது: வடசென்னை மீன்பிடித் துறைமுகம் அருகே பிறந்தவர், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இரட்டைப் பெண் பிள்ளைகளின் தாய். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள்!

தமிழ்ச் சங்கத்தில் ஆரம்பித்த பேச்சு, தண்டையார்பேட்டை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவரை வந்து சேர்ந்தது. மாமியார் பக்கத்தில் இருந்திருந்தால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த விட்டிருக்கவே மாட்டார் என்று அவள் சொன்னது அப்படியே கட்டுரையில் இருந்தது. அதைக்கூடச் சமாளித்துவிட்டாள். இரட்டையரில் ஒருத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் என்பதும் இருந்ததே, அதுதான் கொடுமை. வீடியோ காலில் அத்தை மகன் அந்தக் குழந்தையிடமே நேராகக் கேட்டுவிட்டான். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது என்று பணிவாகப் பதில் வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் படிவத்தில் 'பெயர் வெளியிடப்படாது' என்ற வரியைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களை எப்படி வர்ணிப்பீர்கள் என்று கேளுங்கள். பிறந்த ஊர், அப்பாவின் தொழில், பிள்ளைகளின் வயது இதெல்லாம் எழுதப்படுமா? அச்சாகும் முன் எங்கள் பகுதியைப் படிக்கத் தருவீர்களா? பேட்டியை எழுத்தாக்கியபின் சிலதை நீக்கச் சொல்லலாமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவம் சொல்லும், அது உண்மைதான். ஆனால் அச்சாகி வெளிவந்ததிலிருந்து விலக வழியில்லை. பிள்ளையிடம் பேசுவதென்றால் உங்கள் அனுமதியோடு, விவரம் தெரிந்த வயதென்றால் அதன் சம்மதத்தையும் கேட்பதுதான் அங்கே முறை. பிள்ளை தலையாட்டினால் அது சம்மதம் ஆகிவிடாது. அரிசி அப்பளம் வாங்கித் தருகிறேன் என்றாலும் தலையாட்டும்.

கேள்வித்தாள் வகை ஆய்வு என்றால் பரவாயில்லை, ஆயிரம் பேரில் ஒருவராகிவிடுவீர்கள். நீண்ட பேட்டிக்குத்தான் இத்தனை ஜாக்கிரதை. அதற்காகக் கதவைச் சாத்திவிடவும் நான் சொல்லமாட்டேன். நாம் யாரும் பேசாவிட்டால் இன்னும் இருபது வருடம் வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டுமே அளந்துவிட்டு 'பிள்ளைகள்' என்று பொதுவாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

என் தோழியும் பிறகு வேறொரு ஆய்வுக்குப் பேசினாள். 'தென்னாசியத் தாய்' என்பதற்கு மேல் எதுவும் எழுதமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். மகளின் படிப்புச் சிரமம் பற்றிய கேள்வி வந்தபோது, அடுத்த கேள்விக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.